ஆதாரம் முதலில், முடிவு பிறகு: இடைநிலை வகுப்புகளில் வாதக் கட்டுரை

திருகோணமலையில் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வீதியிலும், கடற்கரைப் பக்கத்திலும், சில வேளைகளில் சந்தைக்கு அருகிலும் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிவது ஊராருக்குப் பழகிப்போன காட்சி. இம்மான்களை நகரிலிருந்து அப்புறப்படுத்த வேண்டுமா என்று தரம் 8 வகுப்பில் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் கைகள் உயரும். பேசுவதற்குப் பிள்ளைகளிடம் விடயமும் இருக்கும். அதையே கட்டுரையாக எழுதச் சொன்னால் பெரும்பாலான கொப்பிகளில் வருவது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: "மான்கள் எமது நகரத்தின் அழகுச் செல்வங்களாகும். அவை பொலித்தீனை உண்பதால் இறக்கின்றன. எனவே அவற்றைக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இதை உரியவர்கள் கவனத்தில் எடுப்பார்களாக."

இந்தப் பந்தியில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, மாணவரின் நிலைப்பாடும் தெளிவாக இருக்கிறது. காரணம் என்று ஒன்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்கவில்லை. மான் பொலித்தீனை உண்கிறது என்ற தகவலிலிருந்து நேராகக் கிடைக்கக்கூடிய முடிவு, பொலித்தீனை அங்கே போடக்கூடாது என்பதாகும். மானை அகற்ற வேண்டும் என்ற முடிவுக்குப் போக வேண்டுமானால் நடுவில் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும்: ஓரிடத்தில் உள்ள ஆபத்தை நீக்கவே முடியாதபோது அங்கிருக்கும் உயிரினத்தை இடம்மாற்றுவதே சரி என்ற ஒரு பொது விதி. அதைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி தானாகவே எழும். திருகோணமலை நகரத்தின் குப்பையை உண்மையிலேயே நீக்க முடியாதா? அதற்கு என்ன ஆதாரம்? மாணவர் எழுதாமல் விட்ட இந்த நடு வசனத்தில்தான் வாதக் கட்டுரையின் சிக்கல் முழுவதும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவையில்லை; சொன்ன கருத்துக்கும் காட்டிய ஆதாரத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை வெளியே எடுத்து எழுதுவதற்கே பயிற்சி தேவை.

நமது மொழியின் வசன அமைப்பும் இந்த இடைவெளியை மறைத்துக்கொள்ள வசதி செய்து கொடுக்கிறது. "உண்பதால்", "இருப்பதால்", "ஆதலால்" என்று ஓர் உருபைச் சேர்த்துவிட்டால் இரண்டு கூற்றுகளும் ஒரே வசனமாகி, காரணகாரியத் தொடர்பு நிறுவப்பட்டது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. "மான்கள் பொலித்தீனை உண்பதால் அவற்றை இடம்மாற்ற வேண்டும்" என்ற வசனத்தை உரக்க வாசித்தால் காதுக்கு அது நிறைவாகவே கேட்கும். ஆகவே தரம் 6, 7 வகுப்புகளில் செய்யக்கூடிய மிக எளிய பயிற்சி, இப்படிப்பட்ட வசனங்களை இரண்டாக வெட்டி நடுவில் ஒரு வெற்றுக் கோடு இட்டுக் கொடுப்பதாகும். முதல் வசனம் ஆதாரம், மூன்றாவது முடிவு. நடுக்கோட்டில் "ஏனெனில் எங்கெல்லாம் இப்படியோ அங்கெல்லாம் …" என்று தொடங்கும் ஒரு வசனத்தை மாணவர் எழுத வேண்டும். முதல் சில தடவைகளில் முடிவையே வேறு சொற்களில் திரும்ப எழுதுவார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதே.

பிரித்தானிய மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் அமைப்பை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார்: கூற்று, தரவு, தரவையும் கூற்றையும் பிணைக்கும் விதி, அந்த விதிக்கு அரண், கூற்றின் உறுதியளவு, விதிவிலக்கு. இன்று பல நாடுகளின் மொழிப் பாடத்திட்டங்களில் காணப்படும் "கூற்று, ஆதாரம், விளக்கம்" என்ற மூவகைப் பகுப்பு இதன் சுருக்கம் என்றே கொள்ளலாம். எனினும் இதை வெளியிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று நாம் கொள்ளத் தேவையில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்து, மலையில் நெருப்பு உண்டு என்பதைப் புகையை ஏதுவாகவும் அடுக்களையைத் திட்டாந்தமாகவும் வைத்து நிறுவிக் காட்டுகிறார். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற பொது விதியை எல்லோரும் கண்ணால் கண்ட அடுக்களை சுமந்து நிற்கிறது. அதே காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழையான வாதங்களையும் வகைப்படுத்துகிறது. இலக்கியப் பாடத்தில் இந்தக் காப்பியத்தின் கதையைச் சொல்லிவிட்டு அதன் தருக்கத்தைத் தொடாமல் போய்விடுகிறோம் என்பது வேறொரு கவலை.

எடுத்துக்காட்டு என்றால் நமது மாணவர்களின் கட்டுரைகளில் முதலில் வந்து நிற்பது திருக்குறள். மான்களைக் காக்க வேண்டும் என்று எழுதும் மாணவர் கொல்லாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளைக் காட்டிவிட்டு, தமது வாதம் நிறுவப்பட்டுவிட்டதாகக் கருதுகிறார். குறளை மேற்கோள் காட்டுவது தவறில்லை. அதை வைக்கும் இடம்தான் பிசகுகிறது. உயிருக்குத் தீங்கு செய்யலாகாது என்ற விதிக்கு வள்ளுவர் அரணாக நிற்பார். சந்தைப் பக்கத்து மான்கள் என்ன உண்கின்றன என்பதற்கு அவர் சாட்சி சொல்ல முடியாது. விழுமியத்துக்கு மேற்கோள், நடப்புக்குத் தகவல் என்ற இந்த வேறுபாட்டை ஒரு தடவை கரும்பலகையில் காட்டிவிட்டால், மாணவர்கள் அதை ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பாரதியார் அடிகள், பழமொழிகள், "அறிஞர் ஒருவர் கூறியது போல" என்று தொடங்கும் பெயரில்லாத மேற்கோள்கள் எல்லாவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும். கடைசி வகையை அடியோடு தவிர்க்கச் சொல்வதே நல்லது.

பிணைப்பு வசனத்தை எழுதப் பழக்குவதற்கு முன்பே இன்னொரு மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. நாம் தலைப்பைக் கொடுத்து, நிலைப்பாட்டை எடுக்கச் சொல்லி, பிறகு காரணம் தேடச் சொல்கிறோம். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் எழுத்துக் கற்பித்தலை ஆராய்ந்த ஜோர்ஜ் ஹில்லொக்ஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவருடைய முறையில் வகுப்பு முதலில் ஒரு படத்தைப் பார்க்கிறது: படிக்கட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார், அவர் கையில் கண்ணாடிக் குவளை அப்படியே இருக்கிறது, கால்தவறி விழுந்தார் என்கிறார் மனைவி. மாணவர்கள் படத்தைக் கூர்ந்து பார்த்து, விழுகின்ற மனிதர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எதையாவது பற்றிக்கொள்ளத்தான் முயல்வார் என்ற பொது விதியைத் தாங்களாகவே சொல்லி, அதன் பிறகே மனைவி சொல்வது உண்மையா என்ற முடிவுக்கு வருகிறார்கள். முடிவு கடைசியாக வருகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முடிவை முதலில் கையில் கொடுத்துவிட்டால், ஆதாரம் என்பது அதற்குப் போடும் அலங்காரமாகிவிடும்.

எனவே மான் பற்றிய பாடத்தை "உமது கருத்து யாது?" என்று தொடங்காமல் ஒரு சிறிய தகவல் பொதியுடன் தொடங்கலாம். ஓர் ஏ4 தாளின் இரு பக்கமும் போதும். மான்கள் மேயும் இடங்களில் எடுத்த இரண்டு மூன்று புகைப்படங்கள். கோயில் வீதியில் பழம் விற்பவர் ஒருவர் சொன்ன நான்கு வரிகள். மான்களுக்கு உல்லாசப் பயணிகள் கொடுக்கும் உணவு பற்றி மாணவர்களே ஒரு மாலைப்பொழுதில் கோட்டைப் பக்கம் நின்று பார்த்துக் குறித்த குறிப்பு. நாளிதழ் ஒன்றில் வந்த செய்தி. மிருக வைத்தியர் ஒருவரின் விளக்கம். இவற்றுள் குறைந்தது ஒன்றாவது மற்றவற்றுடன் முரண்பட வேண்டும். எல்லாத் துண்டுகளும் ஒரே பக்கம் சாய்ந்தால் மாணவருக்குச் சிந்திக்க வேலை இருக்காது. மூதூர், வெருகல், குச்சவெளி போன்ற பகுதிகளில் நூலக வசதியும் இணைய வசதியும் குறைந்த பாடசாலைகளுக்கும் இம்முறை எட்டாததன்று. கேட்டு எழுதுவதற்கும் பார்த்து எழுதுவதற்கும் கொப்பியும் பேனாவும் போதும்.

பொதியை இரண்டு பாடவேளைகள் வாசித்துப் பேசிய பின்னர் அதே மாணவர் எழுதக்கூடிய பந்தி ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "சந்தைக்கு அருகில் நாம் பார்த்த மான்கள் குப்பையில் கிடந்த பொலித்தீன் பைகளைக் கடித்துக்கொண்டிருந்தன. கோட்டைக்குள் நின்ற மான்கள் பெரும்பாலும் புல்லையும் இலைகளையுமே மேய்ந்தன. ஒரே வகை மான்கள் ஓரிடத்தில் பாதுகாப்பாகவும் இன்னோரிடத்தில் ஆபத்திலும் இருந்தால், ஆபத்துக்குக் காரணம் அவை நகரத்தில் வாழ்வது அன்று; அந்த இடத்தில் கிடக்கும் குப்பையே. ஆகவே மான்களை அப்புறப்படுத்துவதற்கு முன், சந்தைப் பக்கத்துக் குப்பையை மூடிய தொட்டிகளில் இடச் செய்வதே பொருத்தமானது." இப்பந்தியில் அணிநயம் குறைவு. ஆனால் மூன்றாவது வசனம் முதல் இரண்டையும் நான்காவதுடன் பிணைக்கிறது. மாணவரின் முடிவும், தொடக்கத்தில் அவர் கொண்டிருந்ததிலிருந்து மாறியிருக்கிறது. "பெரும்பாலும்", "நாம் பார்த்த" என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். டூல்மின் உறுதியளவு என்று குறிப்பிட்டது இதைத்தான். எல்லா மான்களும், எப்போதும், நிச்சயமாக என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் கூறுவது முதலில் பலவீனம் போலத் தோன்றும்.

ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் போதாது. எது எதற்கு ஆதாரம் என்று நிறுத்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். 2017இல் இலங்கையில் 186,000இற்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவாகினர். அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் திருகோணமலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. "எமது பாடசாலை வளவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்" என்ற கட்டுரையில் ஒரு மாணவர் இந்தத் தேசிய எண்ணிக்கையைப் பயன்படுத்தினால் அது பிரச்சினையின் பாரதூரத்தைக் காட்டும். பாடசாலை வளவில் நுளம்பு பெருகுகிறது என்பதை அது காட்டாது. அதற்குப் பின்பக்கத்து நீர்த்தொட்டியில் கண்ட குடம்பிகளே சாட்சி. பெரிய எண் எப்போதும் பெரிய ஆதாரம் ஆகிவிடாது என்பதை இப்படிப் பக்கத்தில் வைத்துக் காட்டும்போதுதான் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

காரணகாரியத்தைப் பொறுத்தவரை கிண்ணியாப் பாலம் நல்லதொரு பாடம். 2009 ஒக்டோபரில் அது திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் நகரத்துக்கு வரப் படகுப் பாதையை நம்பியிருந்தனர். பாலம் வந்த பின் வியாபாரம் பெருகியது, போக்குவரத்து எளிதானது என்று மாணவர்கள் எழுதுவார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் அதுவே. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் போரும் முடிவுக்கு வந்தது. வீதித்தடைகள் நீங்கியதால் வந்த மாற்றம் எது, பாலத்தால் வந்த மாற்றம் எது? படகுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானது என்பதைப் பாலத்தின் கணக்கில் தயக்கமின்றி எழுதலாம். புதிய கடைகள் எல்லாவற்றையும் அதே கணக்கில் எழுத முடியாது. "அதே காலத்தில் வேறு என்ன மாறியது?" என்ற இந்த ஒரு கேள்வியைத் தரம் 9 மாணவர் தாமாகவே கேட்கப் பழகிவிட்டால், சாதாரண தரத்தில் வரலாற்றுப் பாடத்துக்கும் அது உதவும்.

எதிர்க்கருத்தைக் கையாள்வது இதைவிடக் கடினமானது. நமது பாடசாலைகளில் விவாத மரபு வலுவாகவே இருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காக மாதக்கணக்கில் பயிற்சி பெறும் அணிகள் உண்டு. பட்டிமன்றம் இல்லாத கலைவிழாவும் அரிது. அந்த மரபு குரல்வளத்தையும் சமயோசிதத்தையும் வளர்க்கிறது. ஆனால் கொடுக்கப்பட்ட பக்கத்தை எப்படியாவது வெல்லவைக்க வேண்டும் என்பதே அதன் விதி. எதிரணியின் சொல்லைக் கேலியாக்கிக் கைதட்டு வாங்குவது அங்கே திறமை. எழுத்தில் அதையே செய்தால் வாசகர் விலகிவிடுவார். நன்னூல் கூறும் எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்வது உள்ளிட்ட ஏழு கொள்கைகளில், உடன்படலும் மறுத்தலும் முதலில் வருகின்றன. மூன்றாவது, பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின் களைவது. ஏற்காமல் களைய முடியாது என்ற ஒழுங்கு அதில் அடங்கியிருக்கிறது. எதிர்க்கருத்தை, அதைச் சொல்பவரே "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்பும்படி ஒரு பந்தியில் எழுதுவதையே முதல் பணியாகக் கொடுக்கலாம். மறுப்பு அடுத்த வாரம் வரட்டும்.

டியன்னா கூன் என்ற உளவியலாளர் நியூயோர்க்கில் இடைநிலை மாணவர்களுடன் மூன்றாண்டுகள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. ஒரே கருத்துடைய மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, எதிர்க்கருத்துடைய இன்னோர் இணையுடன் கணினியில் எழுத்துமூலம் வாதிட்டனர். இன்னொரு குழு வழமையான வகுப்புக் கலந்துரையாடலில் ஈடுபட்டு, எண்ணிக்கையில் அதிகமான கட்டுரைகளையும் எழுதியது. முடிவில் இரு பக்கத்தையும் கருத்திற்கொண்டு எழுதுவதில் முதற்குழுவே முன்னேறியிருந்தது. கட்டுரைகளை எழுதிக் குவிப்பதால் மட்டும் வாதத்திறன் வளர்ந்துவிடாது. பதில் சொல்லும் ஓர் ஆள் எதிரில் இருக்க வேண்டும். கணினி இல்லாத வகுப்பில் இரண்டு இணைகளுக்கிடையே ஒரு கொப்பி கைமாறினால் அதே வேலை நடக்கும். பேசாமல் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சொன்னதைத் திரும்பப் பார்க்கக்கூடியதாக இருப்பதில்தான் பயன் இருக்கிறது.

இங்கே தலைப்புத் தெரிவு பற்றி ஒரு எச்சரிக்கை. கடலில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்கு வலையைத் தடைசெய்ய வேண்டுமா என்ற கேள்வி திருகோணமலைக் கரையில் உயிருள்ள கேள்வி. கரைவலை இழுப்பவரின் பிள்ளையும் சுருக்கு வலைப் படகில் போகிறவரின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கக்கூடும். ஆதாரம் நிறைந்த தலைப்பு என்பதால் அதைத் தவிர்க்கத் தேவையில்லை, ஆனால் அதில் தொடங்கவும் கூடாது. தகப்பனின் தொழிலைப் பற்றிய கேள்வியில் பிள்ளையின் முடிவு வீட்டிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே ஆதாரம் முடிவை மாற்ற இடமில்லை. காணி, கோயில், இனம் தொடர்பான தலைப்புகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். புறாத் தீவில் சுற்றுலாப் பயணிகள் பவளப்பாறைகளின் மேல் நடப்பதைத் தடுக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேண்டுமா, இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டலாமா என்பன போன்ற தலைப்புகளில் கைபழகிய பிறகு, தரம் 9இன் பிற்பகுதியில் வலைப் பிரச்சினைக்கு வரலாம். அப்போதும் "தடை வேண்டும், வேண்டாம்" என்ற இரண்டைத் தாண்டி மூன்றாவது நான்காவது நிலைப்பாடுகள் இருக்கின்றன என்பதைப் பொதியிலுள்ள துண்டுகளே காட்ட வேண்டும்.

திருத்தும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் ஆகிய இருவரும் 2007இல் தரம் 4 முதல் 12 வரையான மாணவர்களின் எழுத்துக் கற்பித்தல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். ஒரு கற்பித்தல் முறை மாணவரின் எழுத்தை எவ்வளவு மேம்படுத்துகிறது என்பதைக் காட்டும் எண் விளைவளவு; எண் கூடினால் பயன் கூடுதல். திட்டமிடவும் திருத்தியெழுதவும் வெளிப்படையாகக் கற்பித்தலின் விளைவளவு 0.82, சகமாணவருடன் சேர்ந்து எழுதுவதற்கு 0.75, மாதிரிக் கட்டுரைகளைப் படிப்பதற்கு 0.25, இலக்கணத்தைத் தனியே கற்பிப்பதற்கு எதிர்மறையாக 0.32. இவை ஆங்கில எழுத்து பற்றிய எண்கள். தமிழுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. எனினும் ரியூசன் வகுப்புகளின் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளிலும் சிவப்பு மையால் சந்திப்பிழை வட்டமிடுவதிலும் நாம் செலவிடும் நேரத்தை எண்ணும்போது, இந்த வரிசை சற்று உறுத்தத்தான் செய்கிறது. நாற்பது கொப்பிகள் உள்ள வகுப்பில் எல்லாவற்றையும் திருத்த முடியாது. ஒரு கட்டுரையில் ஒரே ஒரு பந்தியை எடுத்து, அதன் ஆதார வசனத்தின் கீழ் ஒரு கோடும் பிணைப்பு வசனத்தின் கீழ் இரு கோடும் மாணவரே இட்டுக் கொண்டுவரும்படி செய்தால், இரு கோடு இல்லாத பந்திகள் ஆசிரியரின் கண்ணுக்கு உடனே தெரியும். எழுத்துப்பிழையை அன்று விட்டுவிடலாம். அதற்கு வேறு நாள் உண்டு.

இவ்வளவும் செய்தாலும், பரீட்சை மண்டபத்தில் பிள்ளையிடம் பொதி இருக்காது; தலைப்பு மட்டுமே இருக்கும் என்று ஆசிரியர்கள் கூறுவது நியாயமான ஆட்சேபம். தேசியப் பரீட்சையின் அமைப்பை வகுப்பறையிலிருந்து மாற்ற முடியாது. ஆனால் தரம் 6 முதல் 9 வரையான பாடசாலை மட்டக் கணிப்பீடுகளில் என்ன கேட்பது என்பது பெருமளவுக்கு ஆசிரியரின் கையிலேயே இருக்கிறது. "மான்களைக் காப்போம்" என்று தலைப்பை மட்டும் கொடுப்பதற்குப் பதிலாக, அதன் கீழே ஒன்றுக்கொன்று முழுமையாக ஒத்துப்போகாத ஐந்து தகவல்களை அச்சிட்டு, அவற்றில் மூன்றையாவது பயன்படுத்தி ஒரு முடிவை நிறுவுமாறும், பயன்படுத்தாமல் விட்ட ஒன்றை ஏன் விட்டார் என்பதை இரண்டு வசனங்களில் கூறுமாறும் கேட்கலாம். புள்ளித் திட்டத்தில் முன்னுரைக்கும் முடிவுரைக்கும் ஒதுக்குவதில் ஒரு பகுதியை அந்த இரண்டு வசனங்களுக்கு மாற்றினால், அடுத்த தவணையில் கொப்பிகளின் உள்ளே என்ன மாறுகிறது என்பதை ஒரே வகுப்பில் வைத்துப் பார்த்துவிடலாம்.